என்டிடி 2: அந்த ஏழு நிமிடத்துக்கே கொடுத்த காசு தகும்

பாலே என்றதும் வெள்ளைப் பாவாடையும் நுனிக்கால் ஷூவும் அன்னப்பறவையும் எதிர்பார்ப்பவர்கள் இதற்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நெதர்லாந்தின் ஹேக் நகரத்திலிருந்து வரும் நெடர்லாண்ட்ஸ் டான்ஸ் தியேட்டர் (என்டிடி) என்ற நவீன நடனக் குழுவின் இளையோர் குழுதான் இந்த என்டிடி 2. தாய்க்குழு தொடங்கியது 1959இல், இது 1978இல். ஆடுகிறவர்கள் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். பாலேயில் கடைந்தெடுத்த உடம்புகள்தான், ஆனால் எம்பிப் பறப்பதைவிடத் தரையோடு தரையாக ஆடுவதில்தான் அவர்களுக்கு ஆசை.

குழுவின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நான் பார்த்தது சின்னச் சின்னப் படைப்புகளைச் சேர்த்துத் தரும் கலவை நிகழ்ச்சி. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் ஒன்று சொதப்பினாலும் அடுத்தது காப்பாற்றிவிடும், அதுதான் வசதி. இங்கே சொதப்பியது எதுவும் இல்லை, ஆனால் தொடக்கத்தில் வந்த ஒன்று இப்போது யோசித்தால் மங்கலான விளக்கொளியாக மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

டச்சு நடன அமைப்பாளர் ஹான்ஸ் வான் மானெனின் 'சோலோ' அப்படியில்லை. 1997இல் இந்தக் குழுவுக்கென்றே செய்தது. பெயர்தான் தனி ஆட்டம், ஆடுவது மூன்று ஆண்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் வயலின் இசை அப்படி ஒரு ஓட்டம் ஓடுகிறது, ஒரே ஆள் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் ஒருவன் ஆடிவிட்டு உள்ளே ஓட, அந்த நொடியே மறுபக்கத்திலிருந்து அடுத்தவன் வந்து விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறான். நடுவில் ஒருவன் சுழன்று நின்று, தோளைக் குலுக்கி, 'இதெல்லாம் ஒரு வேலையா' என்பதுபோல் நம்மைப் பார்த்துவிட்டுப் போனான், மொத்த அரங்கும் சிரித்தது. இறுதியில் மூவரும் சேர்ந்து வருகிறார்கள். ஏழு நிமிடம்தான். கதை கிடையாது, செட் கிடையாது, ஒரு அசைவுகூட வீண் கிடையாது.

அடுத்தது நடன அமைப்பாளர்கள் சோல் லியோனும் பால் லைட்ஃபுட்டும் 1998இல் செய்த 'சேட் கேஸ்', ஐந்து பேர், மெக்சிகோவின் மாம்போ என்ற துள்ளல் இசை. லியோன் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது உருவானதாம், அந்தத் தவிப்பும் சிரிப்பும் ஆட்டத்தில் அப்படியே தெரிகிறது. முகத்தைக் கோணுவது மட்டும் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் எல்லோரும் காத்திருந்த 'காக்டை', அதாவது கள்ளிச்செடிகள். இதே குழுவில் முன்பு ஆடிய ஸ்வீடன்காரர் அலெக்சாண்டர் எக்மன் 2010இல் செய்தது. பதினாறு பேர், ஆளுக்கொரு சதுர மேடை. அதன்மேல் மண்டியிட்டு, பலகையைத் தட்டி, மூச்சை இழுத்து, கத்தி, உடம்பையே வாத்தியமாக்குகிறார்கள். நல்ல தனி ஆவர்த்தனம் கேட்கிற சுகம். வயலின் குடும்பத்து வாத்தியங்கள் வாசிக்கும் நால்வர் குழு மேடையிலேயே நடமாடுகிறது. பிறகு ஒரு ஜோடி ஆட்டம்: ஒத்திகையில் அவர்கள் மனதுக்குள் ஓடும் அற்பப் பேச்சு ஒலிபெருக்கியில் கேட்கிறது, திடீரென்று மேலிருந்து ஒரு செத்த பூனை பொம்மை தொப்பென்று விழுகிறது. இடையிடையே ஒரு குரல் இதற்கெல்லாம் ஆழமான அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு வைத்த குட்டு அது. வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த நக்கல் ஒரு கட்டத்துக்குமேல் இழுவை, கள்ளித்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பகுதியைப் பாதியாக வெட்டலாம்.

குறை என்றால் இடைவேளைகள். சூடு பிடிக்கும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். பால்கனி முதல் வரிசை டிக்கெட்டும் எனக்குச் சரிப்படவில்லை, கைப்பிடிக் கம்பி சரியாக ஆடுகிறவர்களின் காலை மறைத்தது. இரண்டு மூன்று வரிசை தள்ளி, நடுவில் எடுங்கள். தரைத்தளத்தைவிட மேலேயிருந்து பார்ப்பதே மேல், ஏனென்றால் 'காக்டை'யில் அந்தச் சதுரங்கள் இடம் மாறி மாறி அடுக்கும் கோலம் கீழே உட்கார்ந்தால் பாதிதான் தெரியும்.