ஓட்டோ கெப்பின் கியர் ஒயில்: மிஷினா, கூலர் குழாயா, வடித்து நிரப்புவதா?

சென்ற பெரும்போக அறுவடைக்கு முன்பு என் ஹைலக்ஸ் கெப்பின் ஓட்டோ கியர் பெட்டிக்கு ஒயில் மாற்றினேன். 2016 ஆம் ஆண்டு வண்டி, ஆறு கியர், அதுவரை ஓடியது 118,000 கிலோமீட்டர். வயலுக்கு விதைநெல்லும் பசளையும், வயலிலிருந்து நெல் மூட்டையும், இடைக்கிடை கண்டிக்கு ஓர் ஓட்டமும்தான் அதன் வேலை. "அது சீல் பண்ணின பெட்டி, ஒயில் மாத்தத் தேவையில்லை" என்று சொன்னவர்கள் பலர். படுவான்கரைக் கிரவல் வழியில் மூட்டையோடு முதல் இரண்டு கியரில் ஊர்கிற வண்டிக்கும், மகியங்கனை தாண்டி 18 வளைவு ஏறுகிற வண்டிக்கும் அந்தப் பேச்சு பொருந்தாது. சுமை, வெயில், மெதுவான ஓட்டம், மலையேற்றம் நான்கும் ஒயிலைச் சூடாக்கும். சூடு கூடக்கூட ஒயில் விரைவாகக் கெடும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி தொடங்கியது. இருக்கிற கெப்பை இன்னும் பத்து வருடம் ஓட்ட நினைக்கிறவன் நான்.

எந்த ஒயில் என்பதில் விவாதமே வேண்டாம். என் பெட்டிக்கு டொயோட்டா டபிள்யூ.எஸ். நிசானுக்கு, ஃபோர்டுக்கு வேறு வேறு. கையேட்டில் உள்ளதையே வாங்குங்கள். பழைய டெக்ஸ்ரான் 3 வகை ஒயில் டபிள்யூ.எஸ்.ஸைவிடத் தடிப்பானது, சிவப்பு நிறம் ஒன்று என்பதற்காக இதற்குள் ஊற்றக் கூடாது.

மாற்றும் முறைதான் கேள்வி. மூன்று வழிகள் எனக்கு முன்னால் இருந்தன.

முதலாவது மிஷின். சேர்விஸ் நிலையத்தில், பெட்டியின் ஒயிலை ஆற்றுகிற கூலரின் குழாய்களோடு மிஷினைப் பொருத்தி, பழைய ஒயில் வெளியேற வெளியேறப் புதியதை உள்ளே விடுவார்கள். ஒரே தடவையில் ஏறத்தாழ முழு ஒயிலும் மாறிவிடும், கையிலும் அழுக்குப் படாது. என்ஜினின் சுழற்சியை ஒயில் வழியே பெட்டிக்குக் கடத்துகிற டோர்க் கொன்வேட்டருக்குள் நிற்கிற ஒயிலும் வந்துவிடுவது இதன் பெரிய பலம். நான் விசாரித்த ஓர் இடத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே பீப்பாய் ஒயில்தான். எனக்கு முன் வந்த வண்டியின் மிச்சம் மிஷினுக்குள் இருக்குமா என்று கேட்டேன், ஒழுங்கான பதில் வரவில்லை.

இரண்டாவது, கூலரிலிருந்து பெட்டிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு, என்ஜினை ஓட்டி, பெட்டியின் சொந்தப் பம்பாலேயே பழைய ஒயிலைத் தள்ளவைப்பது. அக்கரைப்பற்றில் என் மச்சான் தன் நவாராவுக்கு இப்படித்தான் செய்தார். மிஷின் செய்கிற வேலையேதான், செலவு ஒயிலுக்கு மட்டும். ஆனால் ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், ஒருவர் வாளியைப் பார்க்க வேண்டும். இரண்டு லீட்டர் வந்தவுடன் என்ஜினை நிறுத்தி, அதே அளவு ஊற்றிவிட்டுத்தான் மறுபடி ஓட்டலாம். கொஞ்சம் தாமதித்தால் பம்ப் காற்றை இழுக்கும். சில வண்டிகளில் கூலர் பாதையில் தெர்மோஸ்டாட் உண்டு, ஒயில் சூடாகாமல் குழாயில் ஒன்றும் வராது. மச்சானுக்கு நன்றாக அமைந்தது. நான் கூடநின்று பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதற்கு மேல் இதில் எனக்கு அனுபவம் இல்லை.

மூன்றாவது நான் தெரிந்தெடுத்தது: அடி நட்டைக் கழற்றி வடிகிறதை வடியவிட்டு, அதே அளவு ஊற்றி, சில வாரம் ஓடிவிட்டு மறுபடி செய்வது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குதான் மாறும், மீதி கொன்வேட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் நின்றுவிடும். மூன்று தரம் செய்தால் கணக்குப்படி 70 வீதம் புது ஒயில். மிஷின் மாற்றுகிற அளவுக்கு அது கிட்ட வராது என்பது தெரிந்தேதான் செய்தேன்.

காரணம் ஒயில் மட்டம்.

இந்தப் பெட்டியில் மட்டம் பார்க்கிற கம்பி, அதாவது டிப் ஸ்டிக், இல்லை. பக்கத்தில் ஊற்றுகிற நட், அடித்தட்டில் வடிக்கிற நட், அதற்கருகே மட்டம் பார்க்கிற நட். கெப் நாலு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். என்ஜின் ஓட, கியர் கம்பியை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் நிறுத்தி நகர்த்தி, பார்க்கில் விட்டபின் மட்ட நட்டைத் திறக்க வேண்டும். கூடுதல் ஒயில் வழிந்து, நூல்போல மெலிந்து நிற்கும்போது பூட்ட வேண்டும். இது சரியாக வருவது ஒயிலின் சூடு 40 பாகையை ஒட்டிய ஒரு குறுகிய வீச்சுக்குள் இருக்கும்போது மட்டும்தான். துல்லியமான எண் பெட்டிக்குப் பெட்டி மாறும், உங்கள் கையேட்டில் பாருங்கள். சூட்டில் ஒயில் விரியும். 80 பாகையில் நட்டைத் திறந்தால் தேவையான ஒயிலும் சேர்ந்து வழிந்துவிடும். ஆறியபின் பெட்டி குறையோடு நிற்கும், பம்ப் காற்றை இழுக்கும், ஒயில் நுரைக்கும், கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயும். அளவுக்குக் குளிராக இருக்கும்போது பார்த்தால் மட்டம் கூடிப்போகும், அதுவும் நுரையில்தான் முடியும்.

எங்கள் ஊர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு, களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு ஓடிப்போய் நிற்கிற கெப்பின் பெட்டி எந்தச் சூட்டில் இருக்கும்? அது 40க்கு இறங்கப் பல மணித்தியாலம் பிடிக்கும். மிஷின் வேலையோ என்ஜின் ஓட, ஒயில் சூடாக இருக்க நடப்பது. பின்னால் வரிசையில் வண்டிகள் நிற்க, என் கெப் ஆறும்வரை யார் காத்திருப்பார்? "போனது எவ்வளவோ வந்தது அவ்வளவு" என்று லீட்டர் கணக்கைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். போவதற்கு முன் மட்டம் சரியாக இருந்திருந்தால்தான் அந்தக் கணக்குச் சரி.

என் பெட்டியில் அது சரியாக இருக்கவில்லை. கல்முனையில் நான் போகிற சிறிய கராஜ் காக்கா, "சூட்டோட பார்த்துப் பூட்டிப்போட்டு, மறுகா பெட்டி இழுக்குதில்லை எண்டு என்னட்ட வரப்படாது தம்பி" என்று சொல்லி, கெப்பை இரவு அங்கேயே விடச் சொன்னார். விடிய ஐந்து மணிக்குப் போனேன். ஒயில் 27 பாகை. என்ஜினை ஓட்டி, வண்டியின் கணினியோடு பொருத்துகிற ஸ்கேனரில் ஒயிலின் சூடு ஏறுவதைப் பார்த்திருந்து, வடிப்பதற்கு முன்பே மட்ட நட்டைத் திறந்தோம். மட்ட நட்டுக்கு மேலுள்ள சிறு குழாய்க்குள் நின்றது ஒரு மடக்கு வந்தது, பிறகு ஒன்றுமில்லை. ஊற்றி ஊற்றிப் பார்த்ததில் 700 மில்லிலீட்டர் குறை. கூலர் குழாய் மூட்டு ஒன்றில் மெல்லிய கசிவு, புழுதி அப்பி மூடியிருந்தது. அதைச் சரிசெய்தோம். நான் மிஷினுக்குப் போயிருந்தால் அந்த 700 மில்லிலீட்டர் குறையோடு, புத்தம்புது ஒயிலில், மூட்டை ஏற்றப் போயிருப்பேன்.

இன்னொன்று: ஊற்றுகிற நட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிப்போய் வராவிட்டால், வடித்து முடித்தபின் ஒயில் இல்லாத பெட்டியோடு நிற்க வேண்டிவரும். முதல் தடவை அடித்தட்டையும் இறக்கினோம். காந்தங்களில் மை போன்ற கரும்பசை இருந்தது, அது வழமையான தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் இருந்திருந்தால் ஒயில் மாற்றுவதை நிறுத்திவிட்டு வேறு கதை பேசியிருப்போம். சல்லடையும் தட்டின் கேஸ்கட்டும் புதிது. மிஷின் முறையில் தட்டை இறக்காமலே விட்டுவிடுவது சாதாரணம்.

இரண்டாம், மூன்றாம் வடிப்புகளையும் அதே விடியற்காலை முறையில், ஒவ்வொரு மாத இடைவெளியில் செய்தோம். இரண்டு தரமும் மட்டம் சரியாக நின்றது, கசிவு திரும்பவில்லை. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது இருந்த சின்ன உதறல் குறைந்திருக்கிறது. அது புது ஒயிலாலா, சேர்ந்த அந்த 700 மில்லிலீட்டராலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏற்கனவே வழுக்கத் தொடங்கிய பெட்டி வைத்திருப்பவருக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. என்னுடையது அப்படி இருக்கவில்லை.

ஓரிடத்தில் மட்டும் என் தெரிவை நானே மாற்றுவேன். மார்கழி மழையில் வயல் வழி மூழ்கும்போது, அச்சுக்கு மேல் நிற்கிற தண்ணீருக்குள் கெப்பை விடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சூடான பெட்டி சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று போய்வர வைத்த மூச்சுக் குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். வடித்த ஒயில் பால் கலந்ததுபோல இளஞ்சிவப்பாக வந்தால், மாதத்துக்கு ஒரு தரம் என்று காத்திருக்க நேரமில்லை. கிளட்ச் தட்டின் பூச்சைத் தண்ணீர் கழற்றிவிடும். அப்போது கெப்பை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போய், மிஷினோ கூலர் குழாயோ, ஒரேயடியாக முழு ஒயிலையும் கழுவி எடுங்கள். மட்டத்தை மட்டும் அடுத்த நாள் விடியற்காலையில் பாருங்கள்.