திருவொற்றியூரிலிருந்து மெரினா வரை: கைக்குழந்தைக்கு ஸ்ட்ரோலரா, கேரியரா?

காலையில் வடிவுடையம்மன் கோயில், மதியம் எழும்பூர் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் மெரினா. வடசென்னைக் குடும்பம் கைக்குழந்தையோடு ஒரு நாள் சுற்றிவர அருமையான வழி இது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு நாள் முழுக்க ஆட்டோவை நம்பியிருக்கவும் வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி யோசிக்க வேண்டியது, குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலர் வண்டியில் கொண்டுபோவதா, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியரில் கொண்டுபோவதா என்பதைத்தான். எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்தது கேரியர். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைக்கு, இந்தப் பாதையில், கேரியர்தான் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

விலையும் எடையும் எல்லோருக்கும் தெரிந்தவை. நடுத்தர ஸ்ட்ரோலர் ஆறேழு கிலோ இருக்கும், கேரியர் ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. ஆனால் முடிவு செய்ய வேண்டியது எடையை வைத்து அல்ல, மடிப்பை வைத்து.

வண்டியை அன்றைக்கு எத்தனை முறை மடிக்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். வீட்டு மாடிப்படியில் ஒன்று. தேரடிக்குப் போகும் ஆட்டோவில் ஒன்று. கோயில் வாசலில் ஒன்று. உள்ளே படியும் கல்தளமும் கூட்டமும், வண்டியை எடுத்துப்போக வழியில்லை. அருங்காட்சியகப் படிகள், மெரினாவுக்கு ஆட்டோ, திரும்பும்போது மறுபடி ஆட்டோ, மறுபடி மாடிப்படி. ஒவ்வொரு மடிப்புக்கும் குழந்தை ஒருவர் கையில் இருக்க வேண்டும். இன்னொருவர் கீழ்க்கூடையைக் காலி செய்து, கூரையைப் பின்னே தள்ளி, பூட்டை அழுத்தி மடிக்க வேண்டும். ஒருவர் டிக்கெட் வாங்கப் போயிருந்தால் மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அவசரத்தில் விரிக்கும்போது பூட்டு 'டிக்' என்று விழாமல் போனால், குழந்தையை உட்காரவைத்ததும் சட்டம் மடங்கிவிடும். விரல் நசுங்குவது இப்படித்தான். கைப்பிடியில் கனமான பையை மாட்டுவதும் ஆபத்து. குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி பின்னால் சாயும். குழந்தை உள்ளே இருந்தாலும் பை கனமாக இருந்தால் சாயலாம்.

மெட்ரோவுக்குள் ஸ்ட்ரோலருக்குப் பிரச்சினை குறைவு. லிஃப்ட் இருக்கிறது, அகலமான வாயிலும் இருக்கிறது. எஸ்கலேட்டரில் மட்டும் ஏற்றவே கூடாது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும்தான் தொல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடைபாதையைக் கடைப்படியும் நிறுத்திய பைக்கும் பிடித்துக்கொள்ள, வண்டி சாலையில் இறங்கிவிடும். அங்கே குழந்தையின் முகம் வாகனப் புகைக்குழாயின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கேரியரில் அது உங்கள் நெஞ்சுயரத்தில் இருக்கும். மெரினாவில் சின்னச் சக்கரம் மணலில் புதைந்து நின்றுவிடும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்தால் கொஞ்ச தூரம் வரும், அலை வரைக்கும் வராது.

கேரியரின் ஒரே பெரிய குறை வெக்கை. இரண்டு உடம்பும் ஒட்டியிருப்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் குழந்தை சீக்கிரம் நனைந்துவிடும். வலைத்துணி வைத்ததாக வாங்குங்கள். குழந்தைக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். நடுவில் மெல்லிய துண்டு ஒன்றை வைத்து, நனைய நனைய மாற்றுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பால் கொடுங்கள். பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் நிழலில் காற்றாட விடுங்கள். பதினொன்று முதல் நான்கு வரை வெயிலில் இறங்காதீர்கள். அருங்காட்சியகத்தை மதியத்தில் வைத்தது அதற்காகத்தான். ஸ்ட்ரோலரிலும் வெக்கை உண்டு. வெயில் படாமலிருக்க மேலே துணி போட்டு மூடுகிறார்கள். காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும், அதைச் செய்யவே கூடாது.

கட்டும் முறையும் முக்கியம். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் மொத்த எடையும் தோளுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். குழந்தையின் முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும், தொடை முழுக்கத் துணி தாங்க வேண்டும். தலை உங்கள் உதடு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தாடை நெஞ்சில் மடிந்து கிடந்தால் மூச்சு தடைப்படும், உடனே நிமிர்த்துங்கள். தூங்கும் குழந்தையை வெளிப்புறம் பார்த்தபடி வைக்காதீர்கள்.

கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தைக்கு நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன், மருத்துவரிடம் கேளுங்கள். சிசேரியன் தழும்பு ஆறாத தாய்மார்களுக்கு இடுப்புப் பட்டை உரசும். அப்பாவோ சித்தப்பாவோ கட்டிக்கொள்ளட்டும். குழந்தை பத்துப் பதினொரு கிலோவைத் தாண்டினாலும், வண்டலூர் பூங்கா, மால் என்று ஒரே இடத்தில் நாளைக் கழிப்பதானாலும் ஸ்ட்ரோலர்தான் வசதி. இரட்டைக் குழந்தைகளுக்கும் அதுவே சரிவரும் என்று நினைக்கிறேன்.

கடற்கரைக்குக் கொண்டுபோன ஸ்ட்ரோலரை அன்றிரவே கவனியுங்கள். கழற்ற முடிகிற முன்சக்கரங்களைக் கழற்றி, நல்ல தண்ணீரில் மணலை அலசி, அச்சுக்கம்பியைத் துடைத்துக் காயவிட்டு சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதில் மணல் ஒட்டிக்கொள்ளும். உப்புக்காற்று முதலில் பிடிப்பது பிரேக் கம்பியைத்தான். பழைய வண்டி வாங்குவதானால் அதில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கேரியரை பக்கிளைப் பூட்டியபடி கையால் துவைத்து நிழலில் உலர்த்தினால் போதும். மழைக்காலத்தில் பட்டை காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். பக்கிளுக்குள் மணல் இருந்தால் பாதிதான் பூட்டும். பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, மூன்று முறை பூட்டி இழுத்துப் பார்த்தபிறகே குழந்தையை வையுங்கள்.