கல்வி ஆலோசகர்களுக்கான மூன்று நாள் செயலமர்வு: காசுக்குப் பெறுமதியா?

கொழும்பில் ஒரு தனியார் பட்டப்படிப்பு நிறுவனத்தில் ஒன்பது வருடமாகக் கல்வி ஆலோசகராக இருக்கிறேன். எந்தப் பாடம் எடுப்பது, எதை ரிப்பீட் செய்வது, செமஸ்டரை இடையில் நிறுத்துவதா தொடர்வதா, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதற்கு முன்பு பதிவுப் பகுதியில் இருந்தேன். "நீங்கள் பிள்ளைகளோடு நல்லாக் கதைக்கிறீங்கள்" என்று சொல்லி ஒரு நாள் இந்தக் கதிரையில் இருத்தினார்கள். பயிற்சி என்று யாரும் எதுவும் தரவில்லை. செயலமர்வில் சந்தித்தவர்களில் முக்கால்வாசிப் பேரும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

நடந்தது கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வெள்ளி சனி ஞாயிறு. கட்டணம் 42,000 ரூபா. பாதியை நிறுவனம் தந்தது, மீதி என் சம்பளம். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. குறைகளை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதிரிப் பயிற்சிக்குக் காசு கட்டலாமா என்று யோசிக்கும் மற்ற ஆலோசகர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் முழுக்க வரலாறும் கோட்பாடும். 1972இல் பேர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரையில் இருந்து தொடங்கினார்கள். வைத்தியர் நோயாளிக்கு மருந்துத் துண்டு எழுதிக் கொடுப்பதுபோல ஆலோசனை சொல்வது ஒரு வகை, பிள்ளையோடு சேர்ந்து யோசித்து அவனை வளர விடுவது இன்னொரு வகை என்று அவர் பிரித்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சில் பட்டது. ஒன்பது வருடமாக நான் துண்டுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே 1972இல் டெரி ஓபேனியன் சொன்ன ஐந்து படிகளும் நல்ல விஷயம். முதலில் வாழ்க்கையில் என்ன வேண்டும், பிறகு தொழில், பிறகு கற்கைநெறி, பிறகு பாடங்கள், கடைசியாகத்தான் நேர அட்டவணை.

எங்களிடம் வரும் பிள்ளை நேராக ஐந்தாவது படியில் வந்து நிற்கிறான். "மிஸ், செவ்வாய்க்கிழமை கிளாஸைப் பின்னேரத்துக்கு மாத்தலாமா?" முதல் நான்கு படிகளும் அவனுக்காக வேறு யாரோ ஏறி முடித்தவை. உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சை முடிவைத் தரப்படுத்தி எடுக்கும் புள்ளி) கொஞ்சம் போதாமல், வீட்டில் சொன்ன வேறொரு கற்கைநெறிக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் நிறைய. அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று அனுமதி பிரிகிறது. கொழும்பில் படித்த பிள்ளை தன்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்த இன்னொருவன் உள்ளே போனதைப் பார்த்திருக்கும். பின்தங்கிய மாவட்டத்தில் இருந்து வந்த பிள்ளைக்கோ அந்த 5 வீதத்திலும் இடம் கிடைத்திருக்காது. இரண்டு பேரும் ஒரு துக்கத்தைச் சுமந்துகொண்டுதான் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த வளவாளருக்கு இது தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் கொழும்புக்காரர்கள். ஒரு மணித்தியாலமாவது இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

கட்டின காசு இரண்டாம் நாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டது.

மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் மாணவர், ஒருவர் மணிக்கூட்டோடு பக்கத்தில் இருந்து யார் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று குறிப்பவர். பத்து நிமிடச் சந்திப்பு. நான் ஆலோசகராக இருந்த முறை, பத்தில் ஏழு நிமிடம் நானே பேசியிருந்தேன். விதிகள், திகதிகள், ரிப்பீட் கட்டணம் என்று ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் "மாணவர்" என்னிடம் சொன்னது மொத்தம் நாலு வசனம்.

அடுத்த சுற்றில் ஒரேயொரு விதி சேர்த்தார்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது. எனக்கு எதிரே இருந்தவர் இருபது வருட அனுபவம் உள்ள ஓர் அக்கா. அவர் கையில் இருந்த அட்டையில் 'இரண்டு மாதமாக வகுப்புக்கு வரவில்லை' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நான் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. மண்டபத்தின் ஏசிச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு எண்ணும்போது அவர் குனிந்து அந்த அட்டையின் மூலையை மடித்துக்கொண்டே, "அம்மாவுக்குத் தெரியாது மிஸ்" என்றார். அது அட்டையில் இல்லாத வசனம். நடிப்பில்கூட அந்த ஒரு விநாடி இடைவெளிக்குள்தான் உண்மை வந்தது. என் மேசையில் இத்தனை வருடமும் அந்த நாலாவது விநாடியை நான் எத்தனை தரம் விதிப் புத்தகத்தால் மூடியிருப்பேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்தப் பயிற்சி 'அப்ரிஷியேட்டிவ் அட்வைசிங்' என்ற முறையின் ஒரு பகுதி. பிள்ளையின் தயக்கத்தைக் கலைப்பதில் தொடங்கி, அவனிடம் உள்ள பலத்தைக் கண்டுபிடித்து, கனவைக் கேட்டு, திட்டம் போட்டு, அதை நடத்தி, அதோடு நின்றுவிடாமல் அடுத்ததை நோக்கித் தள்ளுவது என்று ஆறு படி. தயக்கத்தைக் கலைக்கும் படியில் கதிரையை எங்கே வைப்பது என்பதுகூட வருகிறது. மேசைக்குக் குறுக்கே இருந்தால் விசாரணை மாதிரி இருக்கும், பக்கவாட்டில் இருந்தால் இருவரும் ஒரே தாளைப் பார்க்கலாம். நான் திங்கட்கிழமையே மாற்றிவிட்டேன்.

ஆனால் பெரிய குறையும் அதே இடத்தில்தான். மூன்று நாளும் ஆங்கிலம். மாதிரிக் கேள்விகளை அச்சடித்துத் தந்தார்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதை ஆங்கிலத்தில் கேட்டால் சரி, தமிழில் கேட்டால் நேர்முகப் பரீட்சை மாதிரி இருக்கும், பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து சுயவிவரக் கோவையை ஒப்புவிக்கும். எங்கள் பிள்ளைகளின் வாயைத் திறக்கிற கேள்விகள் வேறு. "எங்க தங்கியிருக்கிறீங்க? ஆரோட? சாப்பாடு என்ன மாதிரி?" வெள்ளவத்தையில் ஓர் அறையில் மூன்று பேராக இருந்து, இரவில் பாணும் பருப்பும் சாப்பிடுகிற பிள்ளையிடம் சாப்பாட்டைக் கேட்டாலே பாதிக் கதை வந்துவிடும். பிறகு 'நீங்கள்', 'நீ' பிரச்சினை. முதல் வருடப் பிள்ளையையும் நான் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாம் தடவை வரும்போது தானாக 'நீ' ஆகும். சில பிள்ளைகளுக்கு அது ஆறுதல், சிலருக்கு அது அதட்டல். இதைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் இடமே இல்லை. தேநீர் இடைவேளையில் தமிழ் ஆலோசகர்கள் ஐந்து பேர் ரோல்ஸும் பிளேன் டீயும் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் கதைத்தோம். அந்த இருபது நிமிடத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால் நல்லது என்று பின்னூட்டப் படிவத்தில் எழுதினேன். சிங்கள ஆலோசகர் ஒருவரும் தன் மொழிக்கு இதையே எழுதியதாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஏமாற்றம். அமெரிக்காவில் நக்காடா என்று கல்வி ஆலோசகர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, 1979இல் தொடங்கியது. அவர்கள் 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு முழுநேர ஆலோசகருக்கு இடையப் பெறுமானமாக 296 மாணவர்கள். திரையில் அந்த எண் வந்ததும் மண்டபத்தில் பெருமூச்சு கேட்டது. என்னிடம் 420 பேர். ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் பிள்ளை படிப்பில் பின்தங்குவதைக் காட்டும் 800க்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கணினி பார்த்து ஆலோசகருக்கு எச்சரிக்கை அனுப்புகிறதாம். நல்லது. ஆனால் என்னிடம் இருப்பது ஓர் எக்செல் தாள். அதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். தெளிவான பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர்தான் தன் வழியைச் சொன்னார். மூன்றாம் வார வருகைப் பதிவில் இரண்டு பாடத்துக்கு மேல் காணாமல் போனவர்களை மட்டும் முதலில் கூப்பிடுவது. இப்போது நான் அதைத்தான் செய்கிறேன்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். பல்கலைக்கழகம் போன பிள்ளையின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கே போய்விடுகிறது என்பது அதன் சாரம். எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பெயர்கூட வரவில்லை. கட்டாரில் இருந்தோ கனடாவில் இருந்தோ அப்பா இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில், "பிள்ளையின்ர றிசல்ட் என்ன, நான்தானே காசு கட்டுறன்" என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு வாரம் ஒரு தடவையாவது வருகிற கேள்வி இது. இதைத் தொடாமல் விட்டதுதான் எனக்கு உண்மையான கோபம்.

மூன்றாம் நாள் காலை, கொழும்பைச் சேர்ந்த உளவளத்துணையாளர் ஒருவர் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தார். மூன்று நாளில் யாரும் கைப்பேசியைத் தொடாமல் கேட்ட ஒரே வகுப்பு. உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் உள்ளே போடுவதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று சொல்லி, எந்தச் சொல்லால் கேட்பது என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லித் தந்தார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை நாங்கள் எல்லோரும் அங்கேயே கைப்பேசியில் பதிந்துகொண்டோம். எங்கள் வேலை எங்கே முடிகிறது, எப்போது பிள்ளையைக் கையில் பிடித்து அடுத்தவரிடம் கூட்டிப் போக வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெளிவானது.

மற்றவை சாதாரணம். ஏசி குளிர், சால்வை கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டைத் தனியாக வைத்திருந்தார்கள், நல்ல கவனிப்பு. கைநூல் தடிப்பானது, பாதி இணையத்தில் கிடைக்கும். சான்றிதழ் கடைசி நாளே கையில் தந்தார்கள். பிறகு தொடர்ந்து பேச ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவதாகச் சொன்னார்கள், இரண்டு மாதமாகியும் இல்லை.

நக்காடா 2017இல் ஆலோசகருக்கு வேண்டிய தகைமைகளைக் கருத்து, தகவல், உறவு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டையும் வீட்டில் இருந்து படிக்கலாம். மூன்றாவதை இன்னொரு மனிதருக்கு முன்னால் இருந்துதான் பழக வேண்டும். இந்த 42,000 ரூபா அதற்குத்தான்.

போய்வந்து மூன்றாம் வாரம், ஒரு பாடத்தை இரண்டு தரம் தவறவிட்ட மாணவன் ஒருவன் வந்தான். பழைய பழக்கத்தில் "ஏன் தம்பி கிளாஸுக்கு வரேல்ல?" என்று கேட்க வாயெடுத்தேன். நிறுத்திவிட்டு, "எப்ப இருந்து கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். ஐந்து எண்ணினேன். இரவில் ஒரு கடையில் வேலை செய்கிறான், வீட்டுக்குத் தெரியாது. அந்த செமஸ்டரில் இரண்டு பாடத்தைத் தள்ளிப் போட்டோம். பாஸ் பண்ணுவானா தெரியாது, ஆனால் வாராவாரம் வந்து போகிறான்.

ஒன்று முதல் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் போங்கள். அதற்கு மேல் என்றால் இரண்டாம் நாளுக்கு மட்டும் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். போகும்போது உங்கள் நிறுவனத்தின் பரீட்சை விதிக் கையேட்டைக் கொண்டு போங்கள், பெற்றோர் தொலைபேசி எடுத்தால் என்ன சொல்வது என்ற கேள்வியை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். நான் கடைசி நாள்தான் கேட்டேன், அப்போது நேரம் முடிந்துவிட்டது.