ஏழுக்கு எட்டு அடி அடுக்களை: மழைக்காலங்கள் தாண்டிய பிறகு ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் அப்பார்ட்மெண்ட் விற்கிறவர்கள் காட்டும் படங்களில் அடுக்களை பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். மேடையில் ஒரு கிண்ணம் ஆப்பிள், பக்கத்தில் சின்னதாக ஒரு செடி. தேங்காய் கிடக்காது, மீன்சட்டி இருக்காது, மிக்சியின் வயர்கூடத் தெரியாது. நம்மூர் அடுக்களையில் இவை மூன்றும் இல்லாத நாள் ஏது?

எங்களுடையது ஏழடிக்கு எட்டடி. பின்பக்கம் மூன்றடி அகலத்தில் ஒரு யுட்டிலிட்டி. சில வருடமாகத் தினமும் மூன்று வேளை சமைத்துப் புழங்கியாயிற்று. வேலை முடிந்த வாரத்திலேயே படம் எடுத்துப் போட்டுப் பாராட்டுவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனி ஆடிச் சாரல் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை நனைகிற மாவட்டம் இது. இரண்டையும் தாண்டிய பிறகுதான் ஓர் அலமாரியின் குணம் தெரியும்.

முதலில் அளவு. 56 சதுர அடி என்றால் சுமார் 5.2 சதுர மீட்டர். சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்கும், அகலம் 1.8 மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிற அறைதான் இது. இதைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில், 1926-ல் மார்கரேத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். நடக்கிற தூரத்தைக் குறைத்து, சாமான் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்படி செய்தார். இன்றைய மாடுலர் கிச்சன் அங்கிருந்து கிளைத்ததுதான். நல்ல யோசனை. ஆனால் அவர் வரைந்த அடுக்களையில் தேங்காய் திருவ வேண்டிய அவசியம் இல்லை.

வரைபடத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டதும் அதைத்தான். “எல்லாம் கொள்ளாம் மக்ளே, தேங்கா எங்க இருந்து திருவ?”

டிசைனர் எதிரெதிராக இரண்டு மேடை போட்டிருந்தார். மேடை ஒவ்வொன்றும் இரண்டடி ஆழம். ஏழடியில் நாலு போனால் நடுவில் மிச்சம் மூன்றடி. தேங்காய் திருவும் திருவலைக்குத்தியைப் போட்டு ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தாண்டிப் போக வழியில்லை. அதனால் ஒரு மேடையை எடுத்துவிட்டு ‘எல்’ வடிவத்துக்கு மாற்றினோம். அலமாரி இடம் கொஞ்சம் போனது உண்மை. ஆனால் யுட்டிலிட்டி கதவுப் பக்கம் தரை காலியாகக் கிடைத்தது. மரச்சீனிக் கிழங்கு தோல் உரிப்பது, பலாப்பழம் வெட்டுவது, மீன் ஆய்வது எல்லாம் அங்கேதான். சின்ன அடுக்களையில் ஒரு மூலையாவது வெறும் தரையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதையும் பெட்டி போட்டு அடைத்துவிட்டால் ஹாலில் பேப்பர் விரித்துப் பலாப்பழம் வெட்ட வேண்டிவரும்.

அவசரத்துக்கு, கைப்பிடி சுற்றும் துருவி ஒன்றும் உண்டு. அதில் இரண்டு வகை. மேடை விளிம்பில் திருகி மாட்டுவது ஒன்று, ரப்பர் அடிப்பாகத்தால் உறிஞ்சிப் பிடிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை பாலிஷ் போட்ட கிரானைட்டில் நன்றாக நிற்கும். லெதர் ஃபினிஷ் என்று சொரசொரப்பாக வருவதில் பிடிக்கவே பிடிக்காது. முதல் வகைக்கு, கீழ் அலமாரிக் கதவைத் தாண்டிக் கல் ஒன்றரை அங்குலமாவது நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கல் போடும்போது சொன்னால் உண்டு, பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அப்போதே கல்லின் அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். மேடையிலிருந்து வழிகிற தண்ணீர் அந்தக் கோட்டோடு நின்று தரையில் சொட்டும். இல்லாவிட்டால் கல்லின் அடிவழியாக ஓடி நேரே பலகைக்குள் போகும். இந்த அடுக்களையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது அந்தக் கோடுதான்.

மிக்சியை ஒளித்துவைக்க ஷட்டர் போட்ட பெட்டி ஒன்று இப்போது பிரபலம். நாங்கள் போடவில்லை. காலையில் சட்னி, மதியம் தீயலுக்கோ புளிமுளத்துக்கோ அரைப்பு, ராத்திரி தோசைக்குத் துவையல் என்று ஓடுகிற வீட்டில் அந்த ஷட்டர் மூடியே இருக்காது. ‘எல்’ மடங்கும் மூலையில் கல்லின் ஆழம் கைக்கு எட்டாமல் வீணாகும் அல்லவா, மிக்சியை அங்கேயே நிரந்தரமாக வைத்து, அதன் பின்னாலேயே பிளக் பாயிண்ட் கொடுத்தோம். பார்க்கவும் உறுத்தவில்லை.

இனி அலமாரிப் பலகை, அதாவது ப்ளைவுட். கடையில் எல்லாரும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பலகையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் என்பது இந்தியத் தரநிலை எண். ஐஎஸ் 710 என்றால் மரைன் கிரேடு, ஈரம் நன்றாகத் தாங்கும் ரகம். அதன் பசையைக் கொதிநீரில் 72 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். ஐஎஸ் 303-ல் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) வகை அதற்கு ஒருபடி கீழே. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு இரண்டும் விலை குறைவு, மேல்பூச்சு அழகு. ஆனால் விளிம்பில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டில் சிங்க் அலமாரி அப்படி உப்பிக் கதவு மூடாமல் நிற்கிறது. எங்களுடைய 710 பலகை இன்றும் நேராக நிற்கிறது. அதற்குப் பலகையை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். வேலை பார்த்த அண்ணாச்சி குழாய்க்காக வெட்டிய ஓட்டைகளின் உள்விளிம்பில்கூட சீலர் பூசினார். எவ்வளவு நல்ல பலகையானாலும் வெட்டுவாய் திறந்து கிடந்தால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்.

சிங்குக்கு அடியில் மட்டும் பலகையே இல்லை. அலுமினியச் சட்டம், அலுமினியப் பட்டைக் கதவு. மாவட்டம் முழுக்க அலுமினிய ஃபேப்ரிகேஷன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், விலையும் கட்டுப்படியாகும். அடுக்களை முழுவதையும் அப்படிச் செய்தால் ஆபீஸ் களை வந்துவிடும் என்பதால் அந்த ஓரிடத்தோடு நிறுத்திக்கொண்டோம். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறைக்கும் அதே பட்டைக் கதவுதான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தங்கும். எனவே கதவில் இடைவெளி தரையை ஒட்டி இருக்க வேண்டும். மேலே அழகுக்கு இரண்டு ஓட்டை போட்டுப் பயனில்லை.

முதலில் போனவை கீல்கள். பளபளவென்று மெதுவாக மூடிய கீல்கள் இரண்டாவது மழைக்காலத்தில் பொரிபொரியாகத் துருப்பிடித்தன, சிங்க் பக்கம் மிக மோசம். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்த ஊரில் மேற்பூச்சை நம்ப முடியாது. இப்போது 304 என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிவருகிறேன். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. கடையில் காந்தத்தை வைத்து, “பாருங்க சார், ஒட்டல, 304-தான்” என்பார்கள். அது சோதனையே அல்ல. மலிவான 202 வகை எஃகிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குவதே வழி. ராஜாக்கமங்கலம், குளச்சல் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு மாலிப்டினம் கலந்த 316 வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைக்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள், வெளிச்சம் வரும் என்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது எதற்காக? ஆடி மாதம் அந்த ஜன்னலைத் திறந்தால் சிம்மில் இருக்கும் தீ அணைந்துவிடும். அடுப்பைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோய், ஜன்னலடியில் சிங்க்கை வைத்தோம். பாத்திரம் தேய்க்கிறவருக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கட்டுமே.

அதே காற்றுதான் சிம்னிக்கும் எதிரி. நெத்திலி, சாளை என்று தேங்காயெண்ணெயில் பொரிக்கும் வீட்டுக்கு, புகையை வெளியே கொண்டுபோகும் குழாயுள்ள சிம்னி அவசியம். கரி ஃபில்டரில் வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் வகை சாளைக்கு முன் தோற்றுப்போகும். குழாயின் வெளிவாயில் காற்று எதிர்த்து அடிக்காதபடி மடக்குத் தகடு போடாவிட்டால், ஆடியில் நேற்றைய மீன்வாசம் இன்று காலை திரும்பி வரும். அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டச் சொல்கிறார்கள். எங்களுடையது 70. வீட்டில் உயரமானவர்கள் இன்னும் தலையை இடித்துக்கொள்கிறார்கள்.

அழகைப் பற்றி. கீழ் அலமாரிகள் அடர்ந்த காவிச் சிவப்பு, மேலே வெளிர் சந்தன நிறம், தரையில் பளபளப்பில்லாத கரும் டைல். ஏதோ கலை ரசனையில் தேர்ந்தெடுத்ததாக நினைக்க வேண்டாம். மஞ்சளும் புளிக்கறியும் கால்பட்ட அழுக்கும் இடுப்புக்குக் கீழேதான் தெறிக்கும். இந்த ஜில்லாவின் பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்புமாகச் சிமெண்ட் தரை போட்டவர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையை ஒருமுறை பார்த்துவிட்டால் வெள்ளை டைல் மேல் மோகம் போய்விடும். அடுப்புக்குப் பின்சுவரில் டைல் என்ன விலை என்பதைவிட இடுக்கில் என்ன நிரப்புகிறார்கள் என்பது முக்கியம். சிமெண்ட் நிரப்பினால் கொஞ்ச நாளில் மஞ்சள் ஏறிவிடும். எப்பாக்ஸி என்ற பிசினுக்குக் கூலியும் பொருளும் அதிகம், ஆனால் இன்றுவரை துடைத்தால் போகிறது.

திறந்த தட்டு ஒன்றே ஒன்று, ஜன்னலுக்கு மேலே. ஊர் வீட்டில் பிரித்த அயினி (காட்டுப்பலா) மரப் பலகை. அதில் ஊறுகாய்ப் பரணிகளும் ஆப்பச்சட்டியும். விருந்தாளிகள் முதலில் பார்ப்பதும் புகழ்வதும் அதைத்தான். அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வாரம் ஒருமுறை எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை, வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின். அதைவிட மஞ்சளாகப் போனால் மீன் ஆய்ந்தது சுத்தமா இல்லையா என்றே தெரியாது.

கீழ் அலமாரிகள் எல்லாம் நாலங்குலப் பிளாஸ்டிக் கால்களில் நிற்கின்றன, முன்னால் மறைக்கும் பட்டை கழற்றி மாட்டக்கூடியது. மீன் வாங்கிய நாளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது என்பதால் அது கட்டாயம். இனி பாக்கி, மேல்வரிசையில் ஆறு கதவுகளுக்குக் கீல் மாற்றுவதும், வெளிச்சுவரை ஒட்டிய பரணின் பின்பலகையை அரை அங்குலம் முன்னால் நகர்த்துவதும். அந்தச் சுவர்தான் கார்த்திகையில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. காற்றுப் போக வழி கிடைத்தால் நிற்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அடுத்த சாரல் தொடங்குவதற்குள் இரண்டையும் முடித்துவிட வேண்டும்.