ஒரே எண்ணா, ஆளுக்கொரு எண்ணா?

ஒரு சர்வருக்கு ஜாவா, பைத்தான், கோ, ஜாவாஸ்கிரிப்ட் என நான்கு மொழிகளில் ஓப்பன் சோர்ஸ் கிளையண்ட் லைப்ரரி (அந்த சர்வரோடு பேச உதவும் நிரல் தொகுப்பு) இருக்கிறது. நிரலைவிட அதிகமாகச் சண்டை மூட்டுவது பதிப்பு எண்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்றால் பயனர் பாடு சுலபம். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் சர்வரும் கிளையண்டும் மேஜர், மைனர் எண்களில் (2.6.1 என்றால் 2 மேஜர், 6 மைனர், 1 பேட்ச்) சேர்ந்தே நடக்கின்றன. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் பைத்தான் கிளையண்டில் 12 என்பது குபர்னெட்டிஸ் 1.16-க்கு உரியது, அடுத்து எண் 17-க்குத் தாவியது, 1.17-க்கு. அதன் பிறகு எது எதற்கு என்று அட்டவணையைத் தேட வேண்டியதில்லை.

சிரமமெல்லாம் பராமரிப்பவர் தலையில். பைத்தானில் ஒரு வரி திருத்தினாலும் நான்கும் வெளிவர வேண்டும். மற்ற மூன்றின் மாற்றப் பட்டியலில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டும். சர்வரின் மேஜர் எண் ஏறினால், ஏபிஐ (பயனர் அழைக்கும் இடைமுகம்) துளியும் மாறாத கிளையண்டும் கூடவே ஏறும். ‘மேஜர் மாறினால் பழைய கோட் உடையலாம்’ என்று செம்வர் (பதிப்பு எண்களுக்கான பொது விதிமுறை) தரும் அர்த்தம் அங்கேயே போய்விடுகிறது. கோ மொழியில் இது இன்னும் கடி: 2-லிருந்து ஒவ்வொரு மேஜர் எண்ணும் இம்போர்ட் பாதையின் முடிவில் ஏறும், பயனர் ஒவ்வொரு கோப்பையும் திருத்த வேண்டும். குபர்னெட்டிஸின் கிளையண்ட்-கோ 1.17-க்கு 0.17.0 என்று போடுகிறது. பாதை மாறாது. ஆனால் பழைய கோட் உடையாது என்ற வாக்குறுதியும் கிடையாது.

ஆளுக்கொரு எண் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே மொழிக்குள் கோர் (அடிப்படை), ஆத் (உள்நுழைவு), ஸ்டோரேஜ் (சேமிப்பு) என்று பிரித்து வைத்திருந்தால் வேறு வம்பு. ஆத் 1.9 கேட்பது கோர் 2.6, ஸ்டோரேஜ் கேட்பது கோர் 2.3. ஜாவாவின் பில்ட் கருவியான மேவன் பெரிய எண்ணைப் பார்ப்பதில்லை. சார்பு மரத்தில் (எந்தத் தொகுப்பு எதைக் கேட்கிறது என்ற கிளைப்படம்) கிட்ட இருப்பதை எடுக்கும். தூரம் சமம் என்றால் முதலில் எழுதியதை. மேவனின் அமைப்புக் கோப்பான போமில் (POM) ஸ்டோரேஜ் மேலே இருந்தால் 2.3 வரும், கம்பைல் சுத்தமாக முடியும், ஓடும்போது ‘நோ சச் மெத்தட் எரர்’. கிரேடில் என்ற இன்னொரு பில்ட் கருவி இதே இடத்தில் பெரிய எண்ணை எடுக்கும் என்பதால், ஒரு குழுவில் விழும் பிழை பக்கத்துக் குழுவில் தெரியவே தெரியாது. இதற்கு மருந்து பிஓஎம் (BOM): சேர்த்துச் சோதித்த எண்களின் பட்டியல். பயனர் அதை மட்டும் இம்போர்ட் செய்து, தனித்தனி எண்களை எழுதாமல் விட வேண்டும்.

எங்கள் கட்சி இதுதான்: ஒரு மொழிக்குள் ஒரே எண், மொழிக்கு மொழி தனி எண், சர்வர் பொருத்த அட்டவணை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் திரையில்.

ஸ்பிரிங் கிளவுட் என்ற ஜாவா திட்டம் தன் வெளியீட்டு ரயில்களுக்கு (சேர்ந்தே வெளிவரும் பதிப்புத் தொகுப்புகளுக்கு) லண்டன் நிலையப் பெயர்களை ஆங்கில அகர வரிசையில் வைத்தது. ஏஞ்சலில் தொடங்கி ஹாக்ஸ்டன் வரை வந்து, பிறகு 2020.0 என்று ஆண்டுக்கு மாறியது. (நம்மூர் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலிலும் அல்ஜுனிட், பிடோக், கிளமெண்டி, டோவர், யூனோஸ் என்று போகலாம், ஆசைதான்.) ஆண்டு எண் வயதைச் சொல்லும், உடைவதைச் சொல்லாது.

வெளியீட்டுக் கால அட்டவணையில், ‘தயாரானதும் வெளியிடுவோம்’ என்பதைவிடத் தேதி குறித்த ரயிலே மேல். தவறவிட்ட அம்சம் அடுத்த ரயிலில் ஏறட்டும். அமெரிக்க மேற்குக் கரையில் வெள்ளி மாலை 4 மணிக்கு வெளியிட்டால், கோடையில் இங்கே சனி காலை 7. உடைந்தால் கேட்க அங்கே ஆள் இருக்காது. சிங்கப்பூரிலிருந்து வெளியிட செவ்வாய் மாலை 3 மணி வாகானது: சென்னையில் 12.30, லண்டனில் கோடையில் காலை 8. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் வேண்டாம்.

வரிசையும் முக்கியம்: முதலில் கோர், அது ரெஜிஸ்ட்ரியில் (தொகுப்புகளை வெளியிடும் பொதுக் களஞ்சியத்தில்) தெரிந்த பிறகு சார்ந்தவை, கடைசியில் பிஓஎம். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரெஜிஸ்ட்ரியான என்பிஎம்முக்குப் போகும் 20 பேக்கேஜில் 12-வதில் டோக்கன் (வெளியிடும் அனுமதிச் சாவி) காலாவதியானால் பதறி எண்ணை ஏற்ற வேண்டாம். பல பேக்கேஜ்களைச் சேர்த்து வெளியிடும் கருவியான லெர்னாவின் ‘ஃப்ரம்-பேக்கேஜ்’ ரெஜிஸ்ட்ரியில் இல்லாத ஒன்பதை மட்டும் அதே எண்ணில் ஏற்றிவிடும். நிரலிலேயே பிழை என்றால் மொத்தமும் அடுத்த பேட்சுக்குப் போக வேண்டும். என்பிஎம்மில் நீக்கினாலும் அந்த எண் திரும்பக் கிடைக்காது. பைத்தானின் ரெஜிஸ்ட்ரியான பைப்பியில் ‘யாங்க்’ (நீக்காமலே ஒதுக்கிவைப்பது) உண்டு. கோ 1.16 முதல் ‘ரிட்ராக்ட்’ (ஒரு பதிப்பைத் திரும்பப் பெற்றதாக அறிவிக்கும் வரி) உண்டு, ஆனால் அந்த வரி புதிய பதிப்பில்தான் வர முடியும்: 1.4.0-ஐத் திரும்பப் பெற 1.4.1 வெளிவந்தாக வேண்டும்.