ஆறு வெள்ளைப் பொடிகள், 650 ரூபாய்: ஒரு மளிகைக்காரனின் கணக்கு

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருப்பவன், உப்பையும் ஆப்பச்சோடாவையும் 650 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கினால் மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். வெள்ளைப் பொடிகளைச் சோதித்து எது எது என்று கண்டுபிடிக்கும், பிள்ளைகளுக்கான அறிவியல் பெட்டி அது. ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் கேட்டாளே என்று வாங்கினேன். காசு வீணாகவில்லை. ஆனால் கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டிக்குள் எண் மட்டும் ஒட்டிய ஆறு குப்பிகள். உப்பு, சர்க்கரைப் பொடி, ஆப்பச்சோடா, பேக்கிங் பவுடர், கார்ன்ஃபிளார், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். எது எந்த எண் என்பது தனியாக ஒட்டிய கவரில் இருக்கிறது. கூடவே குழித்தட்டு, பூதக்கண்ணாடி, வினிகர், அயோடின். அயோடின் குப்பியின் மூடி சரியில்லை, பாதி வழியிலேயே கசிந்து அட்டையெல்லாம் பழுப்பு. மருந்துக்கடையில் புண்ணுக்கு விற்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து விட்டோம், அதுவே போதுமாக இருந்தது.

உப்பைக் கண்ணாடியிலேயே பிடித்துவிட்டார்கள். எவ்வளவு பொடியாக இருந்தாலும் குட்டிக் குட்டிக் கட்டமாகத்தான் தெரிகிறது. பிளாஸ்டர் சொல்லவே வேண்டாம். தண்ணீர் விட்டுக் குழைத்தால் கொஞ்ச நேரத்தில் கிண்ணம் சூடாகிறது, அப்புறம் கல்.

இந்தப் பெட்டியின் உயிர் பேக்கிங் பவுடரில்தான் இருக்கிறது. ஆப்பச்சோடாவிலும் இதிலும் வினிகர் பட்டதும் ஒரே மாதிரி பொங்கியது. இரண்டிலும் வருவது கார்பன் டை ஆக்சைடுதான். "ரெண்டும் ஒண்ணுதான் சித்தப்பா, நம்மள ஏமாத்தறாங்க" என்றாள். வினிகர் வேண்டாம், வெறும் தண்ணீர் விட்டுப் பார் என்றேன். ஒரு குழியில் பொடி சத்தமில்லாமல் கரைந்தது, பக்கத்துக் குழியில் நுரை கட்டியது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு ஒரு புளிப்பு உப்பும் சேர்ந்தே இருக்கும். காய்ந்து கிடக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும், ஈரம் பட்டால் வேலையை ஆரம்பித்துவிடும். அந்த ஈரத்தைத் தடுக்கத்தான் மாவும் கலக்கிறார்கள், அதனால் அயோடின் விட்டால் கருநீலமாகிறது. மழைக்காலத்தில் இந்த டப்பாவை ஏன் தரையோரம் வைப்பதில்லை என்று கடைப் பையனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இந்தத் தட்டை அவனிடம் காட்டியிருக்கலாம்.

தயாரித்தவர்கள் சறுக்கியது சர்க்கரையில். அயோடின் பட்டால் நிறம் மாறாது என்கிறது கையேடு. எங்கள் குழியில் வெளிர்நீலம் வந்தது. நல்லவேளையாக எனக்குக் காரணம் தெரியும். கேக்குக்கு விற்கும் சர்க்கரைப் பொடியில் கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கார்ன்ஃபிளார் சேர்ப்பார்கள். அதையே குப்பியில் அடைத்துவிட்டார்கள் போல. பழைய கரண்டியில் வைத்துச் சூடு காட்டினேன். உருகிப் பொன்னிறமாகி, பாகு கருகும் வாசனை வந்தது. சர்க்கரைதான் என்று முடிவானது. வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் அதை மாவு என்றே எழுதி வைத்திருப்பார்கள்.

கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழும் மலையாளமும் படிக்கிற பிள்ளைக்கு இதை ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

சரி, அந்தக் கடைசிப் பக்கம். "வீட்டில் உள்ள மற்ற வெள்ளைப் பொடிகளையும் இதேபோல் சோதித்துப் பாருங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. கிணறு உள்ள வீடுகளில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், அதுவும் வெள்ளைப் பொடிதான். அதில் வினிகர் விட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் நெஞ்சைப் பிடித்துவிடும். பெயர் தெரியாத பொடியை நாக்கில் வைக்கக் கூடாது என்றும் எங்கேயும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கான பொருளில் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விற்பனைப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான், அயோடின் கசிவுக்காக இல்லை.

அதற்குப் பதிலாக நானே என் கடையிலிருந்து சிலவற்றை எடுத்துக் கொடுத்தேன். கோலப்பொடியில் அயோடின் விட்டால் அரிசிமாவு நீலமாகும், கல்பொடி ஆகாது. கல்பொடியிலும் சுண்ணாம்புக்கல் அரைத்தது வினிகரில் பொங்கும், வெள்ளைக் கூழாங்கல் அரைத்தது அசையாது. சலவைச் சோடாவும் ஆப்பச்சோடாவும் வினிகரில் ஒரே ஆட்டம் போடும். அங்கே மஞ்சள் தண்ணீர்தான் கைகொடுக்கும்: ஆப்பச்சோடாவில் லேசாகச் சிவக்கும், சலவைச் சோடாவில் ஆரத்தித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். சலவைச் சோடா கையை அரிக்கும், கரண்டியால் எடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் பத்து இருபது ரூபாய் சரக்குதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பிளாஸ்டரைக் குழித்தட்டில் கலக்காதீர்கள், தேங்காய்ச் சிரட்டையில் கலந்து அப்படியே குப்பையில் போட்டுவிடலாம். மிச்சத்தைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய்க்குள் இறுகிவிடும், அப்புறம் பிளம்பருக்குக் கொடுக்கும் கூலி பெட்டி விலையைத் தாண்டும்.