முட்டைக்கு வரும் பேடுகளுக்கு விற்றமின்: கடைத்தீனா, வீட்டுக் கலவையா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்களில் தவிட்டுக்கும் குறுனலுக்கும் பஞ்சமில்லை. அதனால் நாலைந்து மாதப் பேடுகளுக்குக் கடைத்தீன் வாங்காமல் வீட்டிலேயே கலந்தால் என்ன என்று பலர் யோசிக்கிறார்கள். செலவை மட்டும் பார்த்தால் வீட்டுக் கலவைதான். விற்றமினைப் பார்த்தால், கோழி கூட்டுக்குள் நிற்கிறதா, முற்றத்தில் மேய்கிறதா என்பதுதான் முடிவைச் சொல்லும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 1994இல் தந்த குறைந்தபட்சக் கணக்கின்படி, வளரும் பேட்டுக்கு ஒரு கிலோ தீனில் விற்றமின் ஏ 1,500 சர்வதேச அலகும் (IU) டி3 200 அலகும் வேண்டும். முட்டையிடத் தொடங்கியதும் அவை 3,000, 300 ஆகும். கடைத்தீனில் இதைவிடப் பல மடங்கு சேர்க்கிறார்கள். சூட்டிலும் ஈரத்திலும் விற்றமின் அழிந்துபோகும் என்பதே காரணம். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் கிடந்த மூட்டையை நம்பாதீர்கள். தேதி பார்த்து, ஒரு மாதத்துக்குள் முடியுமளவு மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, முட்டைக்கோழித் தீனை முந்திக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள 3.5 வீதத்துக்கும் மேலான கல்சியம் இளம் பேட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதினாறு, பதினேழு வாரம் வரை வளர்தீன்தான் சரி.

வீட்டுக் கலவைக்கு வருவோம். தவிட்டில் பி1 தாராளம். முருங்கை இலையிலும் அகத்தியிலும் உள்ள கரோட்டினைக் கோழி விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், கே விற்றமினும் கிடைக்கும். இந்த இரண்டு இலைக்கும் நான் முழு மதிப்புக் கொடுப்பேன். ஆனால் எத்தனை கட்டு இலை போட்டாலும் டி3 வராது, பி12 வராது. முற்றத்தில் மேயும் கோழிக்கு வெயில் டி3 தரும், பூச்சி புழு பி12 தரும். கூட்டுக் கோழிக்கு இரண்டும் இல்லை. டி3 குறைந்தால் கல்சியம் உடலில் ஒட்டாது. எலும்பு மெலியும், ஓடு கெட்டியாகாத தோல்முட்டை விழும். முல்லைத்தீவுக் கரையில் சிறுமீன் மலிந்த நாட்களில் உப்புப் போடாமல் காயவைத்து இடித்துச் சேர்த்தால் பி12 குறை தீரும். உப்புக் கருவாடு வேண்டாம், கோழிக்கு ஆகாது. தவிட்டையும் ஆலையிலிருந்து புதிதாக எடுங்கள். சிக்கு வாடை வந்த தவிடு, கலவையிலுள்ள விற்றமின் ஈயை அழித்துவிடும்.

தண்ணீரில் கரைக்கும் விற்றமின் தூள் இவற்றுக்கு மாற்று அல்ல. தடுப்பூசி போட்ட பிறகு, இடம் மாற்றிய பிறகு, கடும் வெயிலில் தீன் எடுப்பது குறைந்த போது சில நாட்களுக்குக் கொடுக்கலாம். காலையில் கரைத்தது மறுநாளுக்கு ஆகாது. இரத்தக் கழிச்சலுக்கு அம்புரோலியம் கொடுக்கும் நாட்களில் பி1 உள்ள தூளை நிறுத்துங்கள், மருந்தின் வேலை குறைந்துவிடும்.

என் தெரிவு இதுதான்: கூட்டுக் கோழிக்குப் புதிய கடைத்தீன்; மேயும் கோழிக்கு வீட்டுக் கலவை, பின்னேரம் ஒரு பிடி கடைத்தீன். அடைவைக்க முட்டை எடுப்பவர்கள் அந்த ஒரு பிடியைக் கூட்டிக் கொடுங்கள். தாய்க்கு பி2 குறைந்தால் கரு முட்டைக்குள்ளேயே சாகும், பொரிக்கும் குஞ்சுகளிலும் சில விரல் சுருண்டு நடக்க முடியாமல் கிடக்கும்.